வீட்டு அடைசலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது எப்படி? சேர்த்து வைக்கிற பழக்கம் விடமாட்டேங்குது

பரண்வாசி

வணக்கம் எல்லாருக்கும். எங்க வீட்ல பின்பக்கம் ஒரு அறை இருக்கு. கதவு பாதிதான் திறக்கும். உள்ள என்ன இருக்குன்னு கேட்டா என்னாலயே முழுசா சொல்ல முடியாது. வாங்கின ஒவ்வொரு மிஷினோட அட்டைப்பெட்டி, எதோடதுன்னே தெரியாத சார்ஜர், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, பைக்குள்ள பை, என்னிக்கோ போன கூட்டத்துல கொடுத்த ஃபைலு, மறுபடி இளைச்சா போட்டுக்கலாம்னு மடிச்சு வெச்ச உடுப்பு. இப்போ அது மெல்ல ஹாலுக்கும் நகர்ந்து வருது.

லீவு நாள்ல மொத்தமா இறங்கிப் பார்த்தாச்சு. காலைல நல்ல வேகம் இருக்கும், எல்லாத்தையும் இழுத்து நடு ஹால்ல போடுவேன். மத்தியானத்துக்கு மேல ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சா போச்சு. இருட்டினதும் அதே சாமான் அதே அறைக்குள்ள, முன்னைவிட மோசமா திணிபடும்.

எனக்கு ஒருநாள் வைத்தியம் வேண்டாம். வேலைக்குப் போய்ட்டு வந்து தினம் கொஞ்ச நேரம் செய்யற மாதிரி ஒரு வழி வேணும். செஞ்சது திரும்ப நிரம்பக் கூடாது. எங்க ஆரம்பிக்கணும், எதைக் கடைசியா தொடணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கத்தரிக்கோல்

யோசிக்கிறதுதான் உங்க வியாதி. பெரிய பையா வாங்குங்க. ஒரு வருஷமா தொடாதது எதுவா இருந்தாலும் பைக்குள்ள. பிரிச்சுப் பார்க்கவே கூடாது. கட்டி வெளிய. அவ்ளோதான். நான் அப்படித்தான் செஞ்சேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு பொருளையும் தேடினதில்ல.

ஆகும்ஆகும்

கத்தரிக்கோல் அண்ணே, அந்தப் பையெல்லாம் எங்க போகும்? உங்க வாசலைத் தாண்டினா உலகத்தை விட்டே போயிடுமா? எங்கயோ ஒரு குப்பைமேட்டுல கிடக்கும். அடுத்த மாசம் அதே ஸ்க்ரூ டிரைவரை நீங்க புதுசா வாங்குவீங்க.

எனக்கு இந்த "எல்லாத்தையும் தூக்கிப் போடு, வெறும் சுவர்தான் அழகு"ங்கிற ஃபேஷன்மேல கோபம் உண்டு. வேணும்னா நாளைக்கே வாங்கிக்கலாம்னு காசு இருக்கிறவங்களுக்கு அது சரி. இல்லாதவங்க வீட்டுல பழைய நட்டும் போல்ட்டும்தான் சேமிப்பு. பரண்வாசி, உங்ககிட்ட இருக்கிறதுல பாதிக்காவது உபயோகம் இருக்கும். அவசரப்படாதீங்க.

நிதானம்

ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையில நிக்கிறாங்க. கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

பரண்வாசி, மத்தியானத்துக்கு மேல நின்னு போகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுல விஷயம் இருக்கு. அந்த அறையில கிடக்கிற ஒவ்வொரு பொருளும் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு நீங்க தள்ளிப்போட்ட ஒரு முடிவு. வருஷக்கணக்கா தள்ளினதையெல்லாம் ஒரே நாள்ல எடுக்க உட்கார்ந்தா கை ஓயறதுக்கு முன்னாடி மனசு ஓஞ்சு போகும். அதனால உங்களுக்கு வேண்டியது இன்னும் நேரம் இல்ல. ஒரு நாளைக்கு எடுக்கிற முடிவுகளோட எண்ணிக்கையைக் குறைக்கணும். ஒரு இழுப்பறை. அது முடிஞ்சா நிறுத்திடுங்க, ஆசையா இருந்தாலும். ஹால்ல எதையும் பரப்பாதீங்க. அன்னிக்கே மூடி முடிக்க முடியாத எதையும் திறக்காதீங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு. உள்ள வர்றதை நிறுத்துங்க. இறைக்க இறைக்க ஊறுற கிணறா இருந்தா எவ்வளவு இறைச்சும் அடி தெரியாது. ஒரு மாசம் அந்த அறையில எதையும் தொடவே வேண்டாம். வாசலை மட்டும் கவனிங்க. இலவசமா கொடுத்தாங்கன்னு வர்றது, தள்ளுபடின்னு வர்றது, பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம்னு கொடுக்கறது, ஆபீஸ்ல கொடுக்கிற பேனா, பை, கப்பு. எதெல்லாம் எந்த வழியா வருதுன்னு ஒரு தாள்ல எழுதி வெச்சுப் பாருங்க. எழுத ஆரம்பிச்சாலே பாதி நிக்கும். அட்டைப்பெட்டியை வாசல்லயே பிரிச்சு மடிச்சுடுங்க. ரிட்டர்ன் பண்ற கெடு வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்கு மேல அந்தப் பெட்டிக்கு வேலையே இல்ல.

அடுத்து வரிசை. முடிவே தேவைப்படாத சாமான்ல ஆரம்பிங்க. உடைஞ்சது, காலாவதியானது, எழுதாத பேனா, ஜோடி இல்லாத சாக்ஸ், பொருந்தாத மூடி. அப்புறம் ஒண்ணுக்கு மேல இருக்கிறது: நாலு கத்தரி, ஆறு குடை. அதுக்கப்புறம் உடுப்பு. பிறகு காகிதம். கடிதம், போட்டோ, போனவங்களோட பொருள் இதெல்லாம் கடைசியோ கடைசி. பலபேர் நேரா ஒரு போட்டோ பெட்டியைத் திறந்து அங்கேயே உட்கார்ந்துடறாங்க. முடிவெடுக்கிறதும் பழகப் பழகத்தான் வரும், எளிசான பொருள்ல பழகிட்டு கஷ்டமானதுக்கு வாங்க.

கையில எடுத்ததும் "இது ஆகுமா?"ன்னு கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு எந்தப் பொருளும் ஆமாம்னுதான் சொல்லும். "இது என்கிட்ட இல்லேன்னா இன்னிக்குக் கடைக்குப் போய் வாங்குவேனா?"ன்னு கேளுங்க. இப்படி மாத்திக் கேட்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு. 1990ல டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூணு பேரும் ஒரு சோதனை வெளியிட்டாங்க. பாதிப் பேர் கையில ஒரு சாதாரண காபி கோப்பையைக் கொடுத்துட்டு என்ன விலைக்கு விற்பீங்கன்னு கேட்டாங்க. மீதிப் பேர்கிட்ட அதே கோப்பையை என்ன விலைக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. கையில வெச்சிருந்தவங்க சொன்ன விலை மத்தவங்க சொன்னதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அது அவங்களோடதே கிடையாது! நம்மளோடதா ஆனதுமே பொருளோட மதிப்பு நம்ம கண்ணுக்கு ஏறிடுது. சும்மா தொட்டுப் பார்த்தாலே சொந்தம்ங்கிற உணர்வு கூடுதுன்னு 2009ல இன்னொரு ஆய்வு வந்தது. அதனால முடிஞ்சா வீட்டுல வேற யாரையாவது எடுத்துக் காட்டச் சொல்லுங்க. நீங்க தூரத்துல உட்கார்ந்து "இருக்கட்டும், போகட்டும்" மட்டும் சொல்லுங்க. கிறுக்குத்தனமா தோணும். செஞ்சு பாருங்க.

கடைசியா, எல்லாரும் கோட்டை விடற இடம். "போகட்டும்"னு கட்டின பை வாசல் ஓரத்துலயே மாசக்கணக்கா நிக்கும். ஒருநாள் ஏதோ தேடும்போது அதைப் பிரிப்பீங்க. பாதி திரும்ப உள்ள போயிடும். எந்தக் கிழமை, யார்கிட்ட, எப்படிப் போகுதுன்னு முன்னாடியே முடிவு பண்ணாம பையைக் கட்டவே கட்டாதீங்க.

கத்தரிக்கோல்

இவ்ளோ படிக்கிற நேரத்துல நான் ரெண்டு அலமாரி காலி பண்ணியிருப்பேன் :)

ஆகும்ஆகும்

நிதானம் சார் எழுதினதுல "இன்னிக்கு வாங்குவேனா"ங்கிற கேள்வியை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பழைய பைப்பு வளைவு ஒண்ணை இன்னிக்கு நான் வாங்க மாட்டேன்தான். ஆனா ராத்திரி குழாய் உடைஞ்சா அது இருந்தாத்தான் தூக்கம். பழுது பார்க்கத் தெரிஞ்சவன் வீட்டையும் தெரியாதவன் வீட்டையும் ஒரே அளவுகோலால அளக்கக் கூடாது.

நிதானம்

ஆகும்ஆகும், நியாயமான பேச்சு. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அந்த வளைவு இப்போ எங்க இருக்குன்னு எழுந்து போகாம சொல்ல முடியுமா?

ஆகும்ஆகும்

மாடிப்படிக்குக் கீழ, நீல டின்ல. அளவு எழுதி ஒட்டியிருக்கு.

நிதானம்

அப்போ இந்தப் பேச்சே உங்களுக்குப் பொருந்தாது. அது இருப்பு. தேடினா கைக்கு வருது. பரண்வாசி வீட்ல ஒரு வளைவு இருந்தாலும் ராத்திரி அது கிடைக்காது, அவர் காலைல புதுசு வாங்குவார், அதுக்கப்புறம் ரெண்டு இருக்கும். அடைசல் உள்ள வீட்டுலதான் ஒரே பொருளை மறுபடி மறுபடி வாங்கறாங்க. சிக்கனம்னு சேர்த்தது செலவுல போய் முடியுது.

குப்பைமேடு பத்தி நீங்க சொன்னது முழுக்க சரி. ஆனா அலமாரியில கிடந்து இத்துப்போற உடுப்பும் ஒருநாள் குப்பைமேட்டுக்குத்தான் போகும். இன்னிக்கே கொடுத்தா ஒருத்தர் போட்டுப்பார்.

பரண்வாசி

நீல டின்னுன்னு படிச்சதும் பொறாமையா இருந்துச்சு, உண்மையைச் சொல்றேன்.

வர்றதை எழுதச் சொன்னீங்களே, அதை ஆரம்பிச்சிருக்கேன். பெரும்பாலும் ராத்திரி படுக்கையில போனை நோண்டிக்கிட்டே ஆர்டர் போடறதுதான். உடுப்பு விஷயத்துல ஒரு சந்தேகம். போடறதே இல்லேன்னு தெரியுது. ஆனா நல்ல விலை கொடுத்து வாங்கினது. தூக்கிக் கொடுக்க மனசு வரல. இதுக்கு என்ன பண்றது?

ஊசிநூல்

அக்காவா அண்ணனான்னு தெரியல, பரவால்ல. அந்தக் காசு வாங்கின அன்னிக்கே போயிடுச்சுங்க. அலமாரியில தொங்கறதால திரும்பி வரப்போறதில்ல.

1985ல ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு பேர் இதை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலயும் டிக்கெட் கொடுத்தாங்க, யாருக்கு எதுன்னு குருட்டாம்போக்குல. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா முழுவிலை கொடுத்தவங்கதான் அதிகமா வந்து உட்கார்ந்தாங்க, கொடுத்த காசுக்காக. சுவாரசியம் என்னன்னா சீசனோட முதல் பாதியிலதான் இந்த வித்தியாசம். பின்பாதியில அது மறைஞ்சு போச்சு. காசு கொடுத்த வலி காலத்தோட ஆறிடும். அதனால விலை உறுத்தற உடுப்பைத் தனியா ஒரு பெட்டியில போட்டு, மேல தேதி எழுதி, கண்ணுக்குப் படாத இடத்துல வைங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா அவ்வளவா உறுத்தாது.

இன்னொண்ணு, எல்லாரும் சொல்றதுதான். ஹேங்கரையெல்லாம் கொக்கி உங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டுங்க. போட்டுத் துவைச்சதை மட்டும் வழக்கம்போல மாட்டுங்க. சீசன் முடிவுல எது இன்னும் உங்களைப் பார்த்துக்கிட்டு நிக்குதோ அதைப் பத்தி விவாதமே வேண்டாம். இளைச்சா போடலாம்னு வெச்சதுல ரொம்பப் பிடிச்ச ஒண்ணை வெச்சுக்கோங்க. முழு அலமாரியும் தினம் காலைல உங்க உடம்பைக் குத்திக்காட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்.

மூத்தமகள்

இந்த இழையில என் கேள்வி பொருந்துமா தெரியவில்லை. பரண்வாசிக்குத் தன் அறை நிரம்பியிருப்பது பிரச்சனையாகத் தெரிகிறது. என் அப்பாவுக்கு அது தெரியவே இல்லை.

அம்மா போன பிறகு அவர் தனியாக இருக்கிறார். செய்தித்தாள், கிழிந்த கவர், காலி பாட்டில், தெருவில் கிடைத்த மரப்பலகை. கட்டிலில் பாதியில் சாமான், மீதிப் பாதியில் அவர் படுக்கிறார். போன வருடம் அவர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது என் தம்பிகள் இருவரும் ஆள் வைத்து எல்லாவற்றையும் அள்ளிவிட்டார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சில மாதங்களில் முன்பைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டது. இப்போது உள்ளே யாரையும் விடுவதில்லை. தம்பிகளின் போனை எடுப்பதும் இல்லை. நான் போனால் வாசலில் நாற்காலி போட்டுப் பேசி அனுப்புகிறார்.

கஞ்சத்தனம் என்கிறார் சித்தப்பா. சோம்பல் என்கிறான் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கத்தரிக்கோல்

தம்பிங்க செஞ்சது சரிதானே? நியூயார்க்ல 1947ல கோலியர் அண்ணன் தம்பி கதை தெரியுமா? வீடு முழுக்க பேப்பரும் சாமானும். தம்பி அந்தக் குவியல் சரிஞ்சு அடியில மாட்டிச் செத்துப் போனார். அண்ணனுக்குக் கண்ணும் தெரியாது, நடக்கவும் முடியாது, கவனிக்க ஆளில்லாம அவரும் போயிட்டார். வீட்டுலேர்ந்து எடுத்த சாமான் நூறு டன்னுக்கு மேல. மரியாதை பார்த்துக்கிட்டு விட்டா அப்படித்தான் ஆகும்.

கேட்பவர்

மூத்தமகள், நான் மனநல ஆலோசனைத் துறையில் வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொருளைக் கைவிட முடியாமல் சேர்த்து, அறைகளை அந்தந்த வேலைக்குப் பயன்படுத்த முடியாத அளவுக்கு வீடு நிரம்பி, அதனால் வாழ்க்கை பாதிக்கப்படும் நிலை தனிக் கோளாறாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் அதைத் தனியாகப் பட்டியலிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றுவிட்டது. அதற்கு முன்பு எண்ணச் சுழற்சி நோயின் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி) ஒரு பகுதியாகத்தான் பார்த்தார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் லேசாகத் தொடங்கும். வயது ஏற ஏறக் கூடும். இறப்பு, பிரிவு போன்ற இழப்புக்குப் பிறகு சிலருக்கு வேகமெடுக்கும். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் உறவில் இன்னொருவருக்கும் இது இருப்பதாகச் சொல்கிறார்கள்.

சின்ன வயதில் வறுமையில் இருந்ததால்தான் என்று பலர் சொல்வார்கள். 1993இல் ராண்டி ஃப்ராஸ்டும் ரேச்சல் கிராஸும் செய்த தொடக்க ஆய்விலேயே பொருள் வறுமைக்கும் இதற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. முடிவெடுக்கத் திணறுவது, கவனம் சிதறுவது, தவறாகிவிடுமோ என்ற பயம் ஆகியவற்றோடுதான் தொடர்பு அதிகம்.

சோம்பல் என்று சொல்லும் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். 2012இல் டேவிட் டோலின் குழு ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு வெளியிட்டது. வந்தவர்களின் வீட்டுக் கடிதம், காகிதங்களையே கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா துண்டாக்கிவிடலாமா என்று கேட்டார்கள். மற்றவர்களுடைய காகிதங்களையும் இடையில் காட்டினார்கள். சேர்க்கும் கோளாறு உள்ளவர்களுக்கு, அடுத்தவர் காகிதம் என்றால் மூளையின் குறிப்பிட்ட இரண்டு பகுதிகள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தன. தங்களுடையது என்றால் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொந்தளித்தன. ஒரு பழைய உறையைக் கைவிடுவது நமக்கு ஒன்றுமே இல்லை. அவருக்கு அந்த நொடி அவ்வளவு பாரம்.

ஆள் வைத்து அள்ளுவதை இந்தத் துறையில் யாரும் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் பார்த்ததுதான் வழக்கமாக நடக்கும்: பொருள் திரும்ப வரும், நம்பிக்கை வராது. முடிவெடுக்கும் பழக்கத்தை அவர் கற்கவில்லை, அவருக்காக வேறு யாரோ முடிவெடுத்தார்கள். கத்தரிக்கோல் சொன்ன சம்பவம் உண்மைதான். ஆனால் அது சொல்லும் பாடம் பாதுகாப்பைப் பற்றியது.

கத்தரிக்கோல்

சரி, பாதுகாப்புன்னா என்ன செய்யணும்னு சொல்லுங்க. பேச்சு வார்த்தை நடத்தி முடிக்கிறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?

கேட்பவர்

நல்ல கேள்வி. தொடக்கத்தில் "குறைப்பது" என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். எதுவும் வீட்டை விட்டுப் போகாது, சில இடங்களிலிருந்து நகரும், அவ்வளவுதான் என்று சொல்லிக் கேட்கலாம். மெல்போர்ன் தீயணைப்புத் துறையின் 1999 முதல் 2009 வரையிலான பதிவுகளில், வீட்டுத் தீ விபத்துகளில் இத்தகைய வீடுகளில் நடந்தவை 0.25 சதவீதம்தான். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அங்கேதான் நிகழ்ந்திருந்தது. வெளியே ஓட வழியில்லை, உள்ளே வர வழியில்லை.

ஆகவே கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் வாசலுக்கும் ஒருவர் தடுமாறாமல் நடக்கும் அகலத்தில் வழி. அடுப்பு, ஹீட்டர், பிளக் பாயிண்ட் அருகே காகிதம் கூடாது. குவியல் எதுவும் தலைக்கு மேல் உயரக் கூடாது. புகை எச்சரிக்கைக் கருவி. இவ்வளவுதான் முதல் கட்டம். "இது குப்பை" என்று சொல்லாமல், "ராத்திரி எழுந்தா கால் இடறுமேன்னு பயமா இருக்குப்பா" என்று சொல்லிப் பாருங்கள்.

சிகிச்சையும் உண்டு. இதற்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பல மாதங்கள் நடக்கும். பிரிப்பது, முடிவெடுப்பது, கைவிடுவது, புதிதாகச் சேர்க்காமல் இருப்பது எல்லாவற்றையும் படிப்படியாகப் பழக்குவார்கள். பலருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. முழுக்கத் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் சம்மதித்தால்தான் அதுவும். முதியவர் என்பதால் மறதி நோய் ஏதும் கலந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதும் அவசியம்.

பரண்வாசி

படிக்கப் படிக்க ஒரு பயம். எனக்கும் அதுவா இருக்குமோ?

கேட்பவர்

அறை நிரம்பியிருப்பதால் மட்டும் அது வியாதி ஆகிவிடாது. அளவிட ஒரு படத் தொகுப்பு உண்டு. ஹால், சமையலறை, படுக்கையறை மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது படங்கள், காலியாக இருப்பதிலிருந்து கூரை வரை நிரம்பியது வரை. உங்கள் அறை எந்தப் படத்தைப் போல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கோ அதற்கு மேலோ என்றால் ஆலோசனை பெறுவது நல்லது. படத்தைவிட எளிய கேள்வி: கட்டிலில் படுக்க முடிகிறதா, மேசையில் எழுத முடிகிறதா, ஒருவர் வந்தால் உள்ளே கூப்பிட முடிகிறதா? ஒரு பொருளைக் கொடுக்கும்போது லேசான வருத்தமா, தாங்க முடியாத தவிப்பா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. தவிப்பு இருந்தால் தயங்காமல் ஒருவரைப் பாருங்கள்.

காகிதப்புலி

காகிதம் பத்தி யாரும் எழுதலையே. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஒவ்வொண்ணா படிக்க உட்காராதீங்க. முதல் சுற்றுல ரெண்டே குவியல். மறுபடி கேட்டு வாங்க முடியாததும் வாங்கறது கஷ்டமானதும் ஒரு பக்கம்: பிறப்பு, இறப்பு, திருமணச் சான்று, படிப்புச் சான்று, சொத்துப் பத்திரம், உயில், முக்கியமான மருத்துவ அறிக்கை. மத்ததெல்லாம் இன்னொரு பக்கம். முதல் குவியல் பொதுவா ஒரு ஃபைல்ல அடங்கிடும். அதைத் தண்ணி படாத உறையில போட்டு, எங்க இருக்குன்னு வீட்ல இன்னொருத்தருக்கும் சொல்லிடுங்க. வரிக் கணக்குத் தாளை உங்க நாட்டு விதி சொல்ற காலம் வரைக்கும் வெச்சிருங்க. வாரண்டி சீட்டை அந்தந்தப் பொருள் இருக்கிற வரைக்கும். விளக்கப் புத்தகமெல்லாம் பெரும்பாலும் கம்பெனி இணையதளத்துலயே கிடைக்கும்.

மத்ததை ஸ்கேன் பண்ணி வைக்கலாம்னு ஆசை வரும். வேண்டாம். தாள்ல படிக்காததை ஸ்கிரீன்லயும் படிக்கப் போறதில்ல. பேர், முகவரி, கணக்கு எண் இருக்கிற தாளைக் கிழிச்சுப் போடுங்க.

பரண்வாசி

நன்றி காகிதப்புலி. அப்போ போட்டோ, கடிதம், பசங்க சின்ன வயசுல வரைஞ்சது? கடைசின்னு நிதானம் சொன்னார். கடைசின்னு ஒண்ணு வந்துதானே ஆகணும்.

ஊசிநூல்

பொருளைப் போட்டோ எடுத்துட்டுக் கொடுத்துடுங்க. சும்மா சொல்லல. 2017ல ஒரு ஆய்வு வந்துது. பல்கலைக்கழக விடுதியைக் காலி பண்ற மாணவர்கள்கிட்ட நினைவுப் பொருளை தானமா கொடுங்கன்னு கேட்டாங்க. சில விடுதியில மட்டும் "படம் எடுத்து வெச்சுக்கிட்டு கொடுங்க"ன்னு சொன்னாங்க. அங்க 15 சதவீதம் அதிகமா வந்துது. நமக்குப் பிடிச்சது அந்தப் பொருள்ல ஒட்டியிருக்கிற நினைவுதான், அதைத் தொலைச்சிடுவோமோன்னுதான் பயம்.

ஆகும்ஆகும்

போட்டோ எடுத்துட்டுக் கொடுக்கிறதை நான் ஏத்துக்கறேன், ஆனா எல்லாத்துக்கும் இல்ல. எங்கப்பா கையால தேஞ்ச சுத்தியல் கைப்பிடி. அதைப் படம் பிடிச்சா என்ன கிடைக்கும்? பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும் அவர் விரல் எங்க இருந்ததுன்னு.

ஊசிநூல்

அதை வெச்சுக்கோங்கண்ணே! தினம் கையில எடுக்கிறீங்க. நான் சொன்னது அட்டைப்பெட்டிக்குள்ள, பெட்டிக்கு மேல பெட்டி ஏறி, எடுத்துப் பார்க்கவே முடியாம கிடக்கிற நினைவுகளை. ஒருத்தர் நினைவா பத்து பொருள் இருந்தா ஒண்ணும் கண்ணுல படாது. நல்லதா ஒண்ணை எடுத்து வெளிய வைங்க.

பசங்க வரைஞ்சதைப் பசங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. நம்மைவிட ஈரமில்லாம கழிச்சுக் கட்டுவாங்க.

மின்கம்பி

சார்ஜர், வயர்னு முதல் பதிவுல பார்த்தேன். அதுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எல்லா வயரையும் ஒரே பெட்டியில போட்டு, எதோடதுன்னு தெரிஞ்சதுக்குத் துண்டுத்தாள் ஒட்டுங்க. வீட்டுல இருக்கிற எந்த மிஷின்லயும் சேராத வயரை யாருக்காக வெச்சிருக்கோம்?

பழைய போன், லேப்டாப், பவர் பேங்க் இருந்தா அதை முதல்ல பாருங்க, வரிசையெல்லாம் அப்புறம். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தா குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க. எரியக்கூடிய சாமான்கிட்டேர்ந்து தள்ளி வெச்சு, மின்கழிவு வாங்கறவங்ககிட்ட கேட்டு எடுத்துட்டுப் போங்க. சாதாரணக் குப்பையில போட்டா நசுங்கும்போது தீப்பிடிக்கும். போனைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கணக்குகள்லேர்ந்து வெளிய வந்து, அப்புறம் ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க. சிம், மெமரி கார்டு மறக்காதீங்க.

பரண்வாசி

உப்பின பவர் பேங்க் ஒண்ணு அட்டைப்பெட்டிக் குவியலுக்கு நடுவுல இருந்துச்சு. பால்கனியில தனியா எடுத்து வெச்சாச்சு. மின்கம்பிக்குப் பெரிய கும்பிடு.

இழுப்பறை இழுப்பறையா போய்க்கிட்டிருக்கு. கதவு இன்னும் பாதிதான் திறக்குது, ஏன்னா கதவுக்குப் பின்னாடி இருக்கிறது இன்னும் முறை வரல. சாமானெல்லாம் அடுக்க ஒரே அளவு பிளாஸ்டிக் பெட்டி செட்டா வாங்கலாமா? அழகா இருக்கும்ல?

நிதானம்

வாங்காதீங்க. இப்போ வாங்கினா பெட்டியை நிரப்பறதுக்காகவே சாமான் தங்கும். எது தங்கப்போகுதுன்னு தெரிஞ்ச பிறகு, அதோட அளவுக்குப் பெட்டி தேடலாம். அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கிற அட்டைப்பெட்டிகளே போதும். அதுக்குத்தானே இவ்வளவு நாளா சேர்த்து வெச்சீங்க!

கதவுக்குப் பின்னாடி இருக்கிறதை முறைக்குக் காக்க வேண்டாம். அடுத்தது அதுதான். கதவு முழுசா திறந்தாத்தான் பை வெளிய வரும்.

மூத்தமகள்

கேட்பவர் சொன்னபடி பேசிப் பார்த்தேன். எதையும் வெளியே எடுத்துப் போக மாட்டேன், கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியை மட்டும் அகலப்படுத்தலாமா என்று கேட்டேன். முதலில் தம்பிகள் அனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "நீ மட்டும் வா. நான் சொல்றதைத்தான் எடுக்கணும்" என்றார்.

அவர் கை காட்டியதை மட்டும் சுவரோரம் நகர்த்தினேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கதை சொன்னார், முழுதும் கேட்டேன். பாதி வழி முடிந்தது. ஒரு கட்டு செய்தித்தாள் நனைந்து ஒட்டிப் போயிருந்தது. "இது போகட்டும்" என்று அவரே சொன்னார். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அடுத்த முறை போகும்போது நானாக எதையாவது "இது போகட்டுமா" என்று கேட்கலாமா?

கேட்பவர்

இப்போதைக்கு வேண்டாம். வழியை முடியுங்கள். போகட்டும் என்பதை அவரே சொல்லட்டும், சொன்ன பொருளை அன்றே நீங்கள் எடுத்துப் போய்விடுங்கள். அவர் சொல்லாத ஒரு தாளையும் எடுக்காதீர்கள், அது வெறும் உறையாக இருந்தாலும். புகை எச்சரிக்கைக் கருவியை அடுத்த முறை கையோடு கொண்டு போங்கள். அதை எங்கே மாட்டலாம் என்று அவரிடமே கேளுங்கள்.